சிங்கப்பூர் சைனாடவுன்: கேட்டதும் சொன்னதும்

விடுமுறைக்குச் சிங்கப்பூர் வருகிறவர்கள் சைனாடவுனைப் பற்றிக் கேட்டவை இவை. பதில் சொல்கிற எனக்கு வாரம் ஒருமுறையாவது அந்தப் பக்கம் போய்ச் சாப்பிடாவிட்டால் வாரம் முடிந்த மாதிரியே இருக்காது.

மதுரையிலிருந்து: அண்ணா, எங்களுக்கு ஒரு சாயங்காலம்தான் நேரம். எங்கே தொடங்கலாம்?

ஐந்து மணிக்குச் சைனாடவுன் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி ஏ வாசல் வழியாக வெளியே வாருங்கள், தம்பி. எதிரே பகோடா ஸ்திரீட். விசிறி, சாவிக்கொத்து, பட்டுப்பை என்று இரண்டு பக்கமும் கடைகள் இழுக்கும். எதையும் வாங்காமல் கடைசி வரை நடந்தால் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில். 1827இல் நாராயண பிள்ளை தொடங்கியது. பகோடா என்றதும் ஏதோ சீனக் கோபுரம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இந்தக் கோயில் கோபுரத்தால் வந்த பெயர் அது! பக்கத்து டெம்பிள் ஸ்திரீட்டும் அப்படித்தான். மாஸ்க் (Mosque) ஸ்திரீட்டுக்குப் பெயர் தந்தது, தமிழ் முஸ்லிம்களான சூலியாக்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசல். சீனப் பேட்டையின் தெருப்பெயர்களில் பாதி நம் ஊர்க்காரர்கள் விட்டுப்போனவை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மதியம் சாத்தும் கோயில் ஆறு மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் ஸ்மித் ஸ்திரீட்டிலுள்ள சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் இரண்டாம் தளத்துக்கு (நம் ஊர்க் கணக்கில் முதல் மாடி) போய்ச் சாப்பிட்டுவிடுங்கள். இருநூறுக்கும் மேல் கடைகள் உள்ள உணவங்காடி அது. நேரமாக ஆக ஒவ்வொன்றாக மூடிவிடுவார்கள்.

சேலத்திலிருந்து: அந்த மிச்செலின் நட்சத்திரக் கோழிக்கடை அங்கேதானே?

அங்கேதான். உணவகங்களுக்குத் தரம் போடும் மிச்செலின் கையேட்டின் நட்சத்திரம் அந்தக் கடையின் சோயா சாஸ் கோழிக்கு 2016இல் கிடைத்தது, 2021இல் போய்விட்டது. ருசி பார்க்கலாம், ஆனால் நீண்ட வரிசையில் நின்று காலைக் கடுக்கவிட நான் தயாரில்லை. உள்ளூர் ஆட்கள் எந்தக் கடையில் நிற்கிறார்கள் என்று பார்த்து அங்கே நில்லுங்கள். மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் தனியாகக் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். எடுத்து மூக்கைத் துடைத்துவிடாதீர்கள். சாப்பிட்டதும் தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அது சட்டம்.

கும்பகோணத்திலிருந்து: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

வேண்டாம் அம்மா. ஆனால் சாதாரணக் கடையில் வெறும் கீரை கேட்டாலும் அதில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள், பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள். கோழிச்சோற்றில் கோழியை ஒதுக்கிவிட்டுச் சோறு மட்டும் வாங்கலாமென்றால், அந்தச் சோறே கோழிக் கொழுப்பிலும் கோழிச் சாற்றிலும் வெந்தது. சீன பௌத்தர்களின் சைவக் கடைகளைத் தேடிப் போங்கள். அங்கே தட்டில் இருக்கும் ‘வாத்து’, ‘மீன்’ எல்லாம் சோயாவும் கோதுமைப் புரதமும்தான், பயப்பட வேண்டாம். பலர் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2007இல் திறந்த புத்தர் பல் ஆலயத்தின் நிலவறைத் தளத்திலும் சைவச் சாப்பாடு உண்டு.

நாகூரிலிருந்து: ஹலால்?

பெரும்பாலான சீனக் கடைகளில் பன்றி இறைச்சி உண்டு. முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் முத்திரை இருந்தால் மட்டும் உட்காருங்கள். நாகூர்க்காரர் என்பதால் இன்னொன்று: தெலுக் ஆயர் ஸ்திரீட்டுக்கு நடந்துபோனால் உங்கள் ஊர் தர்காவின் பெயரிலேயே ஒரு பழைய நாகூர் தர்கா நிற்கிறது.

கோவையிலிருந்து: பேரம் பேசலாமா? வரியைத் திரும்ப வாங்கலாமா?

தெருக்கடையில் மூன்று, நான்கு பொருளாக எடுத்தால் கொஞ்சம் குறைப்பார்கள். ஒன்றுக்குப் பேசினால் முகம் சுளிக்கும். ‘மூன்று பத்து வெள்ளி’, அதாவது மூன்று சேர்த்துப் பத்துச் சிங்கப்பூர் டாலர், என்று தொங்கும் பொருள்கள் எல்லாக் கடையிலும் ஒன்றேதான், எங்கே வாங்கினாலும் சரி. உருப்படியாக ஏதாவது வேண்டுமென்றால் தேயிலை, மூலிகை, பீங்கான் வாங்குங்கள். யூ டோங் சென் ஸ்திரீட்டில் யுவே ஹுவா என்ற பல மாடிக் கடையில் விலை எழுதியே இருக்கும், வாய்ச்சண்டை மிச்சம்.

பொருள் சேவை வரி 9 விழுக்காடு. வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடைகளில் நூறு வெள்ளிக்குக் குறையாமல் வாங்கி, அங்கேயே கடவுச்சீட்டைக் காட்டினால் விமான நிலையத்தில் கேட்டுப் பெறலாம். கட்டணம் போகத்தான் கைக்கு வரும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்துக் கணக்குக் காட்டலாம். தெருக்கடைக்கு இதெல்லாம் கிடையாது.

திருச்சியிலிருந்து: காப்பி கேட்டால் கறுப்பாகக் கொடுத்துவிட்டார்கள்!

‘கோப்பி ஓ’ என்று சொல்லியிருப்பீர்கள். அது பாலில்லாமல் சர்க்கரை மட்டும். வெறும் ‘கோப்பி’ என்றால் டின் பால் ஊற்றித் தித்திப்பாக வரும். இனிப்புக் குறைய வேண்டுமானால் ‘சியூ தாய்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து: டுரியானை ஹோட்டலுக்கு எடுத்துப் போகலாமா?

அந்தப் பழத்தின் வாடைக்காக எம்ஆர்டியில் ஏற்றவே விடமாட்டார்கள், பெரும்பாலான ஹோட்டல்களிலும் தடை. கடை வாசலிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புங்கள்.