மினாக்ஸிடில்: 5% லோஷனா, நுரையா, ஃபினாஸ்டரைடு கலந்ததா?

கேள்வி: எனக்கு 29 வயது. உச்சந்தலையில் மண்டை தெரிய ஆரம்பித்துவிட்டது. பரம்பரை வழுக்கை என்றார் டாக்டர். முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடிலை, 2% லோஷனாக ஆறு வாரம் தடவினேன். ஒரே அரிப்பு, முடியும் முன்பைவிட அதிகமாகக் கொட்டியது. பயந்து நிறுத்திவிட்டேன். அடுத்து எதை வாங்கலாம்?

பதில்: அரிப்பும் சிவப்பும் முழுக்க அடங்கட்டும். பிறகு 5% நுரையை வாங்குங்கள்.

லோஷனில் மருந்தைக் கரைக்கப் பெரும்பாலும் ப்ரொப்பிலீன் கிளைகால் சேர்ப்பார்கள். பலருக்குத் தோல் அரித்துச் செதில் உதிர்வது அதனால்தான். அதைப் பொடுகு என்று நினைத்து ஷாம்புவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பாவம். நுரையில் பொதுவாக அது இருக்காது. இருந்தாலும் பெட்டியைத் திருப்பி, உட்பொருள்களைப் படித்துவிட்டே வாங்குங்கள். நுரைக்கும் அரித்தால் மினாக்ஸிடிலே ஒத்துக்கொள்ளவில்லையோ என்று தோல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

முடி கொட்டியதற்காக நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. ஓய்வில் இருந்த பழைய முடி விழுந்து புதியது கிளம்பும்போது முதல் சில வாரங்கள் அப்படித்தான் கொட்டும். பலன் தெரியக் குறைந்தது நான்கு மாதமாவது ஆகும்.

ஆண்களிடம் 48 வாரம் நடந்த ஒப்பீட்டில், 2%-ஐவிட 5% சுமார் 45% கூடுதலாக முடி வளர்த்தது. ஆனால் 10%, 15% என்று விற்பவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அவற்றில் எரிச்சல்தான் கூடும்.

நுரை விரல் சூட்டிலேயே உருகிவிடும். கையைக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்துவிட்டு, மூடியில் பாதியளவு எடுத்து, முடியை வகிர்ந்து தோலில் படும்படி தேயுங்கள். தினம் இருவேளை, காய்ந்த தலையில். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் தேவை: மினாக்ஸிடில் சிறிதளவு உள்ளே போனாலும் அதன் உயிருக்கே ஆபத்து.

வழுக்கைக்குத் தரும் இன்னொரு மருந்தான ஃபினாஸ்டரைடு கலந்ததை நீங்களாக வாங்க வேண்டாம். தலையில் தடவினாலும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். பாலுறவு நாட்டம் குறைவது, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் பதிவாகியிருக்கின்றன. கர்ப்பிணியின் தோலில் பட்டால் வயிற்றிலுள்ள ஆண் சிசுவைப் பாதிக்கலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் போடுங்கள்.

விலையை ஒரு பாட்டிலுக்குப் பார்க்காமல் ஒரு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். நிறுத்தினால், வளர்ந்த முடி மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். தொடங்கும் அன்றே உச்சந்தலையை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்; நான்காம் மாதம் அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுத்து ஒப்பிடலாம்.