கட்டியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருப்பதா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 67 வயது, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்க்கரை உண்டு, சிகரெட்டை இன்னும் முழுதாக விடவில்லை. மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். இப்போது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற கொலனாஸ்கோப்பியில் ஆசனவாயிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டி, புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. கல்லீரலிலும் நுரையீரலிலும் எதுவும் இல்லை. எம்ஆர்ஐ பார்த்த மருத்துவர், முதலில் ஐந்து வாரம் ரேடியேஷனும் மாத்திரையும், அப்புறம் கீமோ, அதற்குப் பிறகே ஆப்பரேஷன் என்கிறார். "கட்டி இருக்கிறது என்று தெரிந்தும் ஆறேழு மாதம் உள்ளேயே வைத்திருப்பதா, பரவிவிடாதா என்று அண்ணன் சத்தம் போடுகிறார். வாழ்நாள் முழுக்க வயிற்றில் மலப்பை வைக்க வேண்டுமா? அப்பாவிடம் இன்னும் புற்றுநோய் என்று சொல்லவில்லை. சொல்லாமலே சிகிச்சையை முடித்துவிட முடியுமா?"

அண்ணனிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொல்வது பாதி சரி. பெருங்குடலின் மேல்பகுதியில், வயிற்றுக்குள் தாராளமாக இடம் இருக்கிற பக்கம் கட்டி வந்திருந்தால் பெரும்பாலும் முதலில் கத்திதான். வெட்டி எடுத்ததை ஆய்வகத்தில் பார்த்து, நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருந்தால் மூன்று மாதமோ ஆறு மாதமோ கீமோ. காப்பிக்கடையில் யாரோ ஒருவர் "எனக்கும் குடல்ல கேன்சர்தான், ரெண்டே வாரத்துல எடுத்துட்டாங்க" என்று சொல்லியிருப்பார், அவருக்கு அது சரியான வைத்தியமாகவே இருந்திருக்கும். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பதோ மலக்குடலில், கடைசி 15 சென்டிமீட்டரில், அதிலும் கீழ்ப்பாதியில். பெயர் ஒன்றுபோல இருக்கிறது, வைத்தியம் வேறு.

ஏன் வேறு என்றால், இடம் அப்படி. இடுப்பெலும்புக் கூண்டுக்குள் மலக்குடல் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது: முன்னால் சிறுநீர்ப்பை, புராஸ்டேட், பின்னால் எலும்பு, பக்கவாட்டில் சிறுநீரையும் ஆண்மையையும் கட்டுப்படுத்துகிற நரம்புகள். மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு, அதற்குள்தான் நிணநீர் முடிச்சுகள், அதற்கு வெளியே மெல்லிய உறை. வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இலை கிழியாமல் பொட்டலத்தை முழுதாக வெளியே எடுக்க வேண்டும், கிழிந்தால் சோறு சிந்திவிடும், இங்கே சிந்துவது புற்றுநோய் அணு. இப்படி உறையோடு முழுசாக எடுப்பதன் அருமையை இங்கிலாந்து அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் 1982இல் எழுதினார். அதற்கு முன் ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது என்று அனுப்பி வைத்தவர்களில் பலருக்கு அதே இடத்தில் கட்டி திரும்பி வந்துகொண்டிருந்தது.

இப்போது உங்கள் அப்பாவின் எம்ஆர்ஐக்கு வருவோம். அதில் நாங்கள் முதலில் தேடுவது கட்டியின் நீளத்தையோ அகலத்தையோ அல்ல, கட்டியின் ஓரத்துக்கும் அந்த உறைக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் என்பதை. 1 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் சிக்கல், இலையில் கட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் இன்றே வெட்டினால் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிடலாம், பிறகு அதை எடுப்பது முதல் தடவையைவிடப் பல மடங்கு கஷ்டம். ரேடியேஷனும் கீமோவும் கட்டியைச் சுருக்கி உறையிலிருந்து விலக்கிக் கொடுக்கின்றன. உங்கள் மருத்துவர் இந்த வரிசையைச் சொல்வதைப் பார்த்தால் உறைக்கு அருகே போயிருக்கிறது, அல்லது முடிச்சுகள் பெரிதாகியிருக்கின்றன என்று ஊகிக்கிறேன். அடுத்த சந்திப்பில் நேராகவே கேட்டுவிடுங்கள்: "எம்ஆர்ஐயில் உறையிலிருந்து எவ்வளவு தூரம்? நிணநீர் முடிச்சு எப்படி இருக்கிறது?" படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள், அண்ணனையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வையுங்கள், சத்தம் பாதி குறைந்துவிடும்.

இந்த ஆறு மாதமும் சும்மா வைத்திருப்பதாக அவர் நினைக்கிறார், அங்கேதான் தப்பு. ரேடியேஷன் முடிந்த பிறகும் பல வாரம் கட்டி சுருங்கிக்கொண்டே இருக்கும், அதனால்தான் உடனே ஆப்பரேஷனுக்குக் கூப்பிடுவதில்லை. கீமோவை முன்னுக்குக் கொண்டுவந்ததற்கும் காரணம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் ரத்தத்தில் போயிருக்கக்கூடிய அணுக்களை முதலிலேயே தாக்கலாம், தவிர ஆப்பரேஷன் முடிந்து தளர்ந்துபோன உடம்புக்குக் கீமோவைக் கொடுப்பதைவிட இப்போது கொடுத்தால் முழுதாகத் தாங்குகிறவர்கள் அதிகம். ஆனால் நடுவில் வயிறு ஊதி, வாந்தி வந்து, மலமும் காற்றும் சுத்தமாக நின்றுவிட்டால் அடைப்பு. அதற்குச் சந்திப்பு நாள்வரை காத்திருக்கக் கூடாது, அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். நிறைய ரத்தம் போனாலும் அப்படித்தான்.

இன்னும் ஒன்று கேளுங்கள். கொலனாஸ்கோப்பியில் எடுத்த சதைத் துணுக்கில் 'எம்எம்ஆர்' சோதனை, அதாவது மரபணுப் பிழைகளைத் திருத்துகிற அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை, செய்தாயிற்றா? மலக்குடல் கட்டி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே அதில் குறைபாடு இருக்கும், இருந்தால் கதையே மாறிவிடும். 2022இல் நியூயார்க்கில் அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு டோஸ்டார்லிமாப் என்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிற இம்யூனோதெரபி மருந்தை மட்டும் கொடுத்தார்கள், முதலில் சிகிச்சையை முடித்த 12 பேருக்கும் கத்தியும் ரேடியேஷனும் இல்லாமலே கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போனது. அப்பாவுக்கு அது இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் பார்க்காமல் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

சரி, பை. உங்கள் கடிதத்தில் இந்தக் கேள்வி நடுவில் ஒரே வரியாக வருகிறது, ஆனால் வீட்டில் எல்லாருடைய மனத்திலும் உட்கார்ந்திருப்பது இதுதான் என்று எனக்குத் தெரியும். 6 சென்டிமீட்டர் என்றால் பலருக்கு ஆசனவாயைக் காப்பாற்றிக் குடலை மறுபடி இணைக்க முடிகிறது. கட்டி ஆசனவாயைச் சுருக்கிப் பிடிக்கிற தசைக்குள் இறங்கியிருந்தால் பெரும்பாலும் நிரந்தரப் பை. அப்படி இணைத்தாலும் அவ்வளவு கீழே போட்ட தையல், ரேடியேஷன் பட்ட சதையில், ஆறுவதற்கு நேரம் எடுக்கும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அது கசியும், கசிந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் மலம் அந்தப் பக்கம் போகாமல் சிறுகுடலை வயிற்றில் திறந்துவிட்டுத் தற்காலிகப் பை வைப்பார்கள், சில மாதங்கள் கழித்து மூடிவிடுவார்கள். தற்காலிகம் என்று சொன்னாலும் சிலருக்கு மூட முடியாமலே போவதும் உண்டு, இதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குடலை வயிற்றில் திறந்துவிடுகிற வாய்க்கு ஸ்டோமா என்று பெயர், பை எங்கே வரும் என்பதை ஆப்பரேஷனுக்கு முன்பே ஸ்டோமா தாதி வயிற்றில் மையால் குறிப்பார். அந்தச் சந்திப்பைத் தவறவிடாதீர்கள். அப்பாவைப் படுக்கவைத்து மட்டும் குறித்தால் போதாது, உட்காரவும் நிற்கவும் குனியவும் சொல்லிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் படுத்திருக்கும்போது தட்டையாக இருக்கிற வயிறு உட்கார்ந்தால் மடிந்து பையின் ஓரத்தைத் தூக்கிவிடும், கசியும், தோல் புண்ணாகும். அப்பா வீட்டில் கைலி கட்டுகிறவரா? அந்தக் கைலியையே கொண்டுபோய்க் கட்டிக் காட்டச் சொல்லுங்கள், முடிச்சு விழுகிற இடத்தில் ஸ்டோமா வந்துவிடக் கூடாது. தொப்பை இருந்தால் அவர் குனிந்து தானே பார்க்கிற உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பை இருக்கிறவரை உங்கள் அம்மாதான் மாற்றிவிட வேண்டியிருக்கும். சிறுகுடல் பை என்றால் தண்ணீரும் உப்பும் நிறைய வெளியேறும், நம் ஊர் வெயிலில் சீக்கிரம் வறண்டுவிடுவார், உப்புக் கரைசல் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். தேங்காய்ச் சில்லு, முருங்கைக்காய்ச் சக்கை, காளான் எல்லாம் ஆரம்ப வாரங்களில் வேண்டாம், அடைத்துக்கொள்ளும்.

பையை மூடிய பிறகும் குடல் பழையபடி இருக்காது. ஒரு நாளில் ஐந்தாறு தடவை, சில சமயம் அவசரமாக, சில சமயம் கொஞ்சம் கொஞ்சமாக. ஓராண்டு வரை தேறிக்கொண்டே வரும், ஆனால் எம்ஆர்டி ரயிலில் ஏறுமுன் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்கிற பழக்கம் சிலருக்கு நிலைத்துவிடுகிறது. இதைச் சொல்லாமல் ஆப்பரேஷனுக்கு அனுப்பினால் பிறகு ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்கள்.

ரேடியேஷனும் கீமோவும் முடிந்து பார்க்கும்போது சிலருக்குக் கட்டி இருந்த இடம் வெறும் தழும்பாக இருக்கும். அப்போது ஆப்பரேஷனே வேண்டாம், கண்காணிக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் அதிர்ச்சியடையாதீர்கள். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்து மருத்துவர் ஆஞ்ஜெலிட்டா ஹப்ர்-காமா இந்த வழியைப் பற்றி 2004இல் எழுதியபோது பலர் நம்பவில்லை, இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஆனால் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அதே இடத்தில் மறுபடி வளரும், பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள். அதனால் முதலில் சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப்பும் எம்ஆர்ஐயும் தவறாமல் செய்ய வேண்டும். சந்திப்புக்குச் சாக்குச் சொல்கிற ஆளுக்கு இது சரிவராது. உங்கள் அப்பா எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது சொல்லாமல் வைத்திருப்பது. ஒரு முறை சக மருத்துவர் ஒருவரின் அறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் விளக்கினார், மகன் அப்பாவின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னது இவ்வளவுதான்: "உள்ள புண்ணு இருக்காம்பா, ஆறவைக்கணுமாம்." எனக்குத் தமிழ் தெரியும் என்று மகனுக்குத் தெரியாது. பெரியவர் ரேடியேஷனுக்கு நாலு நாள் போனார், "புண்ணுக்கு எதுக்கு இவ்வளவு" என்று ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டார். உங்கள் அப்பா தினம் தினம் ஐந்து வாரம் ரேடியேஷனுக்குப் போக வேண்டும், மாத்திரை தவறாமல் போட வேண்டும், ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். பொய்யை வைத்துக்கொண்டு இதை நடத்த முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம், "டாக்டர் என்ன சொன்னாருன்னு உங்களுக்கு எவ்வளவு தெரியணும்பா?" என்று கேட்டுவிட்டு அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள். தமிழ் பேசுகிற தாதியையோ மொழிபெயர்ப்பாளரையோ மருத்துவமனையில் கேட்டாலும் ஏற்பாடு செய்யப் பார்ப்பார்கள். இத்தனை ஆண்டு பேருந்தில் முன்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்து ஓட்டியவர், அவர் கண்ணைக் கட்டிப் பின்சீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

அவர் கையில் இருக்கிற வேலையும் இருக்கிறது. சிகரெட்டை இன்றே நிறுத்த வேண்டும், குடல் தையல் ஆறாமல் போவதற்குப் புகை ஒரு பெரிய காரணம். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். ரத்தம் போனதால் ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் இரும்புச்சத்தை இப்போதே ஏற்றிவிடலாம். தினம் அரைமணி நடை, முட்டை, மீன், பருப்பு. புற்றுநோய்க்குப் பட்டினி போட்டால் கட்டி செத்துவிடும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, சிகிச்சை தொடங்குமுன் மருத்துவமனையில் நிதி ஆலோசகரிடம் உட்கார்ந்து மெடிஷீல்டு லைஃப் என்கிற தேசியக் காப்புறுதி, மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்பு, தனியார் காப்புறுதி எது எவ்வளவு தரும் என்று எழுதி வாங்குங்கள். கீமோ மருந்துக்கு மெடிஷீல்டு லைஃபில் கேட்பது 2022 செப்டம்பரிலிருந்து சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலைப் பொறுத்தது, பட்டியலில் இல்லாத மருந்தை யாராவது எழுதினால் ஏன் என்று கேளுங்கள். கட்டமுடியவில்லை என்றால் மருத்துவ சமூக சேவையாளரைப் பாருங்கள், மெடிஃபண்ட் என்கிற அரசாங்க உதவி நிதி அதற்குத்தான் இருக்கிறது.

அப்புறம், சத்தம் போடுகிற அண்ணனுக்கும் உங்களுக்கும் வயது என்ன? 50 ஆனவர்களுக்குச் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பெட்டியை இலவசமாகத் தருகிறது, ஆனால் பெற்றவருக்கே வந்திருப்பதால் உங்கள் இருவருக்கும் எந்த வயதில் கொலனாஸ்கோப்பி என்பதை அப்பாவின் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். ரத்தம் தெரிந்தால் வயதையும் பார்க்க வேண்டாம், மூலம் என்று நீங்களே முடிவுகட்டவும் வேண்டாம், அந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய்விடுங்கள்.