வண்டி கேள்வி பதில்: லிஃப்ட் போட்டா எது ஏறும், எது ஏறாது

போடியிலிருந்து ஒரு வாசகர்: அண்ணே, 2017 மாடல் இசுசு வி-க்ராஸ் ஃபோர் வீல் டிரைவ் வச்சிருக்கேன், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, டயர் 245/70 ஆர்16. மேல ஏலத்தோட்டத்துக்குப் போற கடைசி மூணு கிலோமீட்டர் வெறும் கல்லும் பாறையும், மழை பெஞ்சா ஜீப் தடம் ரெண்டு பக்கமும் பள்ளமாகி நடுவுல மேடு கட்டிடும், அடி இடிக்குது. ஆன்லைன்ல வண்டிய லிஃப்ட் பண்ண, அதாவது உடம்ப மேல தூக்க, ஸ்பிரிங்குக்கு மேல தகடு வைக்கற ரெண்டு இஞ்ச் ஸ்பேசர் கிட் மலிவா கிடைக்குது. பட்ஜெட் நாப்பதாயிரம். ஸ்பேசர் போடவா, இல்ல காசு சேத்து நல்ல கிட்டா வாங்கவா?

தம்பி, ரெண்டுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதுக்குக் காசே வேணாம். ஒரு சாக்க விரிச்சு வண்டிக்கடில படுத்து, எங்க எங்க கீறல் இருக்குன்னு பாரு. நீ "அடி இடிக்குது"ன்னு எழுதிருக்க, எது இடிக்குதுன்னு எழுதல, பதிலே அதுலதான் இருக்கு.

பின்னாடி ஆக்சில் நடுவுல உருண்டையா தொங்குமே டிஃபரன்ஷியல், அதோட அடியில கீறல் இருந்துச்சுன்னா நீ பத்தாயிரத்துக்கு கிட் போட்டாலும் ஒரு லட்சத்துக்கு ஆஸ்திரேலியா கிட் போட்டாலும் அது அதே உயரத்துலதான் இருக்கும். ஏன்னா பின் ஆக்சில் உக்காந்திருக்கறது சக்கரத்து மேல. லிஃப்ட் கிட் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியத்தான் கூட்டும், ஆக்சிலுக்கும் தரைக்கும் நடுவுல இருக்கறத இல்ல. அத டயர் மட்டும்தான் கூட்டும், அதுவும் பெருசா கூட்டிடாது, உன் 245/70-க்கு பதிலா 265/70 போட்டா டயரோட மொத்த உயரம் 28 மில்லிமீட்டர் கூடும், டிஃபரன்ஷியலுக்கு அதுல பாதி, 14 மில்லி. ஒன்றரை சென்டிமீட்டர் கூட இல்ல. நீ சொல்ற நடு மேட்டுல இடிக்கறது பெரும்பாலும் இந்த உருண்டையாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அப்படின்னா செலவில்லாத வழி, பள்ளத்துக்குள்ள ரெண்டு பக்க சக்கரத்தையும் இறக்காம ஒரு பக்கத்த நடு மேட்டு மேல ஏத்திட்டு, இன்னொரு பக்கத்த பள்ளத்துக்கு வெளிய ஓரக்கரைல வச்சு ஓட்டு. தோட்டத்து ஜீப் டிரைவருங்க காலங்காலமா அப்படித்தான் ஓட்டறாங்க, அவங்க யாரும் கிட் வாங்கல.

கீறல் சைடு ஸ்டெப்லயோ, முன் பம்பர் உதட்டுலயோ, இன்ஜினுக்கு அடில இருக்கற தகடுலயோ, சேஸிஸ் நடுவுல குறுக்க போற கிராஸ் மெம்பர்லயோ இருந்தா அப்ப லிஃப்ட் உதவும். அப்பவும் உடனே ஆர்டர் போட்றாத. சக்கரத்து நடுப்புள்ளில இருந்து ஃபெண்டர் வளைவு வரைக்கும் டேப் புடிச்சு நாலு பக்கமும் அள. தரைல இருந்து அளக்காத, காத்து கம்மியா இருந்தா கூட அளவு மாறிடும். அதே மாடல்ல அதிகம் ஓடாத வண்டி யார்கிட்டயாவது இருந்தா அதையும் அளந்து பாரு. முன்னாள் ஓனர் அதுல என்ன லோடு அடிச்சானோ, பின்னாடி அடுக்கடுக்கா இருக்கற இரும்புப் பட்டை ஸ்பிரிங் படுத்திருக்கும், முன் காயில் ஸ்பிரிங்கும் கொஞ்சம் உக்காந்திருக்கும். நம்ம ஊர்ல பழைய பிக்கப் வாங்கி "வண்டி உயரம் பத்தல"ங்கறவங்கள்ல பாதிப் பேருக்கு வேண்டியது லிஃப்டே இல்ல, போன உயரம் திரும்ப வந்தா போதும். கம்பெனி அளவு ஸ்பிரிங், பட்டை செட் புதுசா போட்டா வண்டி தானா எழுந்து நிக்கும், ஆர்டிஓவும் கேக்க மாட்டாரு இன்சூரன்ஸ்காரனும் கேக்க மாட்டான். பட்டறைல பழைய பட்டைய அடிச்சு வளைச்சுத் தருவாங்க, மலிவுதான், ஆனா ஒரு தடவ தளந்த இரும்பு சீக்கிரம் மறுபடி படுக்கும், அத அருவா அடிக்கக் குடுத்துட்டு புதுசு வாங்கறது மேல்.

இப்ப அந்த ஸ்பேசர். இதுல ஒரு குழி இருக்கு, நானே விழுந்திருக்கேன். வி-க்ராஸ்ல முன்னாடி ஷாக்கப்சரும் ஸ்பிரிங்கும் ஒண்ணா லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்த சேஸிஸோட சேக்கற கீழ் கை, அதோட நடுவாக்குல உக்காந்திருக்கும், சக்கரம் அந்த ஆர்ம் நுனில இருக்கும். அதனால மேல 25 மில்லி தகடு வச்சா சக்கரத்துகிட்ட கிட்டத்தட்ட 50 மில்லி ஏறும், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். இது தெரியாம ரெண்டு இஞ்ச் வேணும்னு ரெண்டு இஞ்ச் தடிமன்லயே தகடு கடைஞ்சு வாங்கி ஒரு பழைய பிக்கப்ல மாட்டுனேன், வண்டி மூக்க தூக்கிட்டு சேவல் மாதிரி நின்னுச்சு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு மாசத்துல ரெண்டு பக்கமும் ஆக்சில் மூட்டு மேல மாட்டுற ரப்பர் உறை (பூட்) கிழிஞ்சு கிரீஸ் எல்லாம் வீல்ல தெறிச்சுக் கிடந்துச்சு. அதனால கிட் வாங்கறப்ப கேக்க வேண்டிய கேள்வி "எத்தன இஞ்ச்" இல்ல, "தகடு தடிமன் எவ்வளவு, சக்கரத்துகிட்ட எவ்வளவு ஏறும்"ங்கறது.

சரியான தடிமனா இருந்தாலும் மேல வைக்கற ஸ்பேசர் மொத்த ஷாக்கப்சரையும் கீழ தள்ளுது, அதாவது சக்கரம் பள்ளத்துல தொங்கறப்ப கம்பெனி நினைச்சதவிட கீழ போகும். அப்பதான் மேல் கை (அப்பர் ஆர்ம்) போய் ஸ்பிரிங்ல இடிக்கறது, அதோட நுனி மூட்டான பால் ஜாயின்ட் இழுபடறது எல்லாம். தார் ரோட்டுல மட்டும் ஓடுற வண்டிக்கு இது பெருசா தெரியாது, உன் பாதைல தினமும் சக்கரம் தொங்கும். ஸ்பிரிங்குக்கு உள்ள வைக்கற வகை ஸ்பேசரும் இருக்கு, அது வண்டிய கல்லு மாதிரி ஆக்கிடும். ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன் மாதிரி செட்டுங்க ஏன் விலை ஜாஸ்தின்னா அதுல ஸ்பிரிங்கும் அதுக்கு ஏத்த நீளத்துல ஷாக்கப்சரும் சேந்து வருது, ஏத்தறதும் 40, 50 மில்லியோட நிறுத்திக்கறாங்க. அதுக்கு மேல போனா அப்பர் ஆர்மே மாத்தணும், செலவு எங்கயோ போயிடும்.

சட்டத்தையும் சொல்லிடறேன், விக்கறவன் சொல்ல மாட்டான். 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் கம்பெனி குடுத்த அமைப்புல இருந்து வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லிருச்சு, அதே வருஷம் மோட்டார் வாகனச் சட்டத்துல கொண்டுவந்த திருத்தத்துல ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ ரெண்டுமோன்னு இருக்கு. டயர் அளவு மாத்தறதா இருந்தாலும் உன் மாடலுக்கு கம்பெனி ஒத்துக்கற அளவு எதுன்னு பாத்துட்டு அதுக்குள்ளயே நில்லு. ஆக்சிடென்ட் ஆகி இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாக்கறப்பதான் இந்த கிட்டோட உண்மையான விலை தெரியும்.

உன் நாப்பதாயிரத்த நானா இருந்தா இப்படித்தான் செலவு பண்ணுவேன்: அளந்து பாத்து பின் பட்டையும் முன் ஸ்பிரிங்கும் தளந்திருந்தா அத கம்பெனி அளவுக்கே மாத்துவேன், மாத்துன கையோட அலைன்மென்ட், மிச்சத்துல அடில ஒரு கெட்டியான தகடு, சைடு ஸ்டெப்ப கழட்டி வீட்டுல வச்சிருவேன். ஸ்டெப் கழட்டுறதுல கிடைக்கற உயரம் பல பேரு கிட் போட்டு வாங்கற உயரம். டயர் தேஞ்சு மாத்துற நேரம் வர்றப்ப ரோடு, கல்லுப்பாதை ரெண்டுக்கும் ஏத்த நல்ல ஆல் டெரைன் டயரா பாத்து வாங்கிக்கோ.

ஓசூர்லருந்து ஒருத்தர்: பழைய பிக்கப் ஒண்ணு வச்சிருக்கேன். முன்னாடி ஸ்பிரிங்குக்கு பதிலா இருக்கற முறுக்குக் கம்பி, அந்த டார்ஷன் பார் போல்ட்ட முறுக்குனா செலவே இல்லாம ஏறிடும்கறாங்களே, உண்மையா சார்?

உண்மைதான், ஏறும். ஆனா முறுக்குனா ஸ்பிரிங் கெட்டியாகுதுன்னு மெக்கானிக்கே நினைச்சுட்டு இருக்காங்க, அது தப்பு. பார் அதே பார்தான், பலம் மாறல, அது நிக்கற இடம்தான் மாறுது. அப்புறம் ஏன் தூக்கித் தூக்கிப் போடுதுன்னா, சக்கரம் கீழ இறங்க இருந்த இடத்த நீங்க மேல ஏத்தியே தின்னுட்டீங்க, சின்ன பள்ளத்துலயே ஆர்ம் போய் ரப்பர் ஸ்டாப்பர்ல அடிக்குது. பார் வயசாகித் தளந்திருந்தா பழைய உயரத்துக்கு முறுக்கிக் கொண்டுவாங்க, தப்பில்ல. புது உயரத்துக்குப் போறதா இருந்தா 25 மில்லியோட நிறுத்துங்க. ஜாக்கில ஏத்தி சக்கரம் தொங்கறப்பதான் போல்ட்ட தொடணும், முறுக்கறதுக்கு முன்னாடி பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து மறுபடி அளங்க, அப்புறம் அலைன்மென்ட். அலைன்மென்ட் பண்ணலன்னா மிச்சம் புடிச்ச காசு முன் டயர்ல போயிடும்.

தூத்துக்குடி வாசகர்: உப்பு லோடு அடிக்கறேன், பிக்கப் பின்னாடி உக்காந்துருது. எக்ஸ்ட்ரா பட்டை போடலாமா, இல்ல ஆக்சில் மேல கட்டை வச்சு ஏத்தலாமா அண்ணாச்சி?

எக்ஸ்ட்ரா பட்டை போட்டா லோடுல உக்காராது, சரி, வெறும் வண்டில திரும்பி வர்றப்ப முதுகு போயிடும். ஆர்சில போட்ருக்கற எடையும் அதனால ஒரு கிலோ கூடாது, அத மனசுல வச்சுக்கோங்க. கட்டைன்னா இரும்பு பிளாக் மட்டும், பின்னாடி மட்டும், ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக்கூடாது (தேக்குக்கட்டை வச்சு ஓட்டுன மகராசனையும் பாத்துருக்கேன்), பட்டையையும் ஆக்சிலையும் சேத்துப் புடிக்கற யூ போல்ட் புதுசா நீளமா வாங்கணும், பழச திரும்ப முறுக்காதீங்க, அது ஏற்கனவே இழுபட்டது. எது செஞ்சாலும் முன்னாடி சொன்ன சட்டம் உங்களுக்கும் உண்டு, எஃப்சிக்குப் போற வண்டி வேற.

யாரும் சொல்லாத ஒண்ணு, உங்க வண்டில பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு கம்பி போய் ஒரு வால்வுல மாட்டிருக்கான்னு பாருங்க. லோடு எவ்வளவு இருக்குன்னு பின்னாடி உக்காந்திருக்கற அளவ வச்சு அதுதான் கண்டுபிடிச்சு பின் பிரேக்குக்கு பிரஷர் விடும். நீங்க பின்னாடிய ஏத்திட்டீங்கன்னா அது வண்டி காலியா இருக்குன்னு நினைச்சுக்கும், ஒன்றரை டன் உப்ப வச்சுட்டு பிரேக் மிதிச்சா பின் பிரேக் பாதிதான் புடிக்கும். அந்த கம்பிய புது உயரத்துக்குத் தக்கன செட் பண்ணாம பட்டறைய விட்டு வண்டிய வெளிய எடுக்காதீங்க அண்ணாச்சி.