500 டொலருக்குள் வேட்டை ரைபிளுக்கு ஸ்கோப்பும் மவுண்டும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி கேட்டவர் ஒன்ராறியோவில் வசிக்கிறார். பழையதாக வாங்கிய ரெமிங்டன் 700 ரைபிள், .308 வின்செஸ்டர் தோட்டா, நவம்பரில் வெள்ளைவால் மான் வேட்டை, ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மவுண்டுக்கும் (அதை ரைபிளில் பொருத்தும் பாகம்) சேர்த்து 500 கனடிய டொலர் ஆகியவை அவர் தரும் விவரங்கள். கடையில் அதே விலைக்கு 4-16×50 அளவில் (4 முதல் 16 மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி), குறிவைக்கும் குறுக்குக்கம்பி ஒளிரும் ஒரு ஸ்கோப்பைக் காட்டி, மவுண்டை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்களாம். எடுக்கலாமா என்று கேட்கிறார். எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் பணத்தில் 3-9×40 அளவில் எளிய, உறுதியான ஒரு ஸ்கோப்பும், அதன் தரத்துக்குக் குறையாத மவுண்டும் (அதாவது பேஸும் ரிங்கும்), மிச்சத்தில் பழகுவதற்குத் தோட்டாக்களும் வாங்குங்கள். நானும் இந்த மாகாணத்தில் மான் வேட்டைக்குச் செல்பவன். நண்பர்களின் ரைபிள்களுக்கு ஸ்கோப் பொருத்திக் கொடுப்பவன். அந்த அனுபவத்திலிருந்து காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உருப்பெருக்கம். ஒன்ராறியோவின் நடுப்பகுதிக் காடுகளில், பைன் மரங்களுக்கும் மேப்பிள் மரங்களுக்கும் இடையே பரணில் காத்திருப்பவருக்கு மான் பெரும்பாலும் 100 யார்டுக்குள்தான் தென்படும். மின்கம்பித் தடத்தின் ஓரத்திலோ வெட்டிய காட்டின் விளிம்பிலோ உட்கார்ந்தால் 200 யார்டு வரை வாய்ப்புக் கிடைக்கலாம். இந்தத் தூரங்களுக்கு 16 மடங்கு உருப்பெருக்கம் எந்த வகையிலும் உதவாது. மாறாக, அருகில் திடீரென்று வெளிப்படும் மானை ஸ்கோப்புக்குள் கண்டுபிடிக்க அகன்ற பார்வைப்பரப்புத் தேவை. 3-9 வகை ஸ்கோப்பை 3 மடங்கில் வைத்தால் 100 யார்டு தூரத்தில் ஏறக்குறைய 33 அடி அகலம் தெரியும். உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட அந்த அகலம் சுருங்கிக்கொண்டே போகும். காட்டுக்குள் நடக்கும்போது எப்போதும் 3 மடங்கிலேயே வைத்திருங்கள். தொலைவில் நிற்கும் மான்தான் கூட்டுவதற்கு நேரம் தரும்.

அடுத்தது வெளிச்சம். ஒன்ராறியோவில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து மறைவுக்கு அரை மணி நேரம் பின்புவரை வேட்டையாட அனுமதி உண்டு. மான்கள் நடமாடுவதும் அந்த மங்கலான வேளைகளில்தான். இங்கே 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி அதிக வெளிச்சம் தரும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை நோக்கி வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீட்டர் கண்ணாடியை 6 மடங்கில் பயன்படுத்தினால் அது 6.7 மில்லிமீட்டர். இளம் வயதினரின் கண்பாவையே இருட்டில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்தான் விரியும்; வயது ஏற ஏற அதுவும் குறையும். ஆகவே 6 மடங்கிலோ அதற்குக் கீழோ வைக்கும்போது 50 மில்லிமீட்டர் கண்ணாடி தரும் கூடுதல் ஒளி கண்ணுக்குள் போவதே இல்லை. ஆனால் அதன் எடையையும், அதற்காக உயர்த்த வேண்டிய ரிங்கின் உயரத்தையும் நாள் முழுவதும் சுமக்க வேண்டும்.

மங்கலில் உண்மையாக உதவுவது கண்ணாடியின் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரு ஸ்கோப்புக்குள் இப்படிப் பல பரப்புகள் உள்ளன. எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு இருப்பதாகத் தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லும் ஸ்கோப்பை மட்டும் பாருங்கள். வெறுமனே பூச்சு உண்டு என்று எழுதியிருந்தால் எங்கோ ஒரு பரப்பில் ஓர் அடுக்கு இருந்தாலும் அது பொய்யாகிவிடாது. ஒளிரும் குறுக்குக்கம்பியைவிட, ஓரங்களில் தடித்து நடுவில் மெலியும் சாதாரண டூப்ளெக்ஸ் வகைக் கம்பியே எனக்குப் பிடித்தது. அந்தி வேளையில் மெல்லிய கம்பி கரைந்து போனாலும் தடித்த பகுதிகள் நான்கும் கண்ணை நடுவுக்குக் கொண்டுவந்து விடுகின்றன.

இந்த விலையில் ஏன் எளிய ஸ்கோப்பையே வலியுறுத்துகிறேன் என்றால், தயாரிப்பாளருக்குக் கிடைக்கும் பணம் எல்லாப் பகுதிகளுக்கும் பங்காகிறது. ஸ்கோப்பின் குழாய்க்குள் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. டரட்டைத் (குறியைச் சரிசெய்யும் குமிழை) திருப்பும்போது அதை ஒருபுறம் திருகும் மறுபுறம் ஸ்பிரிங்கும் நெருக்கிப் பிடிக்கின்றன. .308 ரைபிளின் பின்னுதைப்பை ஒவ்வொரு முறையும் தாங்கி, அந்த உள்குழாய் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பக்கவாட்டுக் குவியம், ஒளிரும் கம்பி, பெரிய முன்கண்ணாடி, நான்கு மடங்கு சூம் ஆகிய அனைத்தையும் மலிவான ஒரு ஸ்கோப்பில் அடைக்கும்போது, வாங்குபவர் கண்ணில் படாத அந்த ஸ்பிரிங்கிலும் திருகிலும்தான் சிக்கனம் செய்யப்படும். அது நகர்ந்தால் ஜீரோ, அதாவது குறியும் குண்டு படும் இடமும் பொருந்தும்படி செய்த அமைப்பு, நகரும். ஜீரோ நகர்ந்தால் மானின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் குறிவைத்த குண்டு குடலிலோ காலிலோ படும். அந்த விலங்கு காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துன்பப்பட்டுச் சாகும். ஸ்கோப் விஷயத்தில் நான் இவ்வளவு கறாராகப் பேசுவதற்கு இதுவே காரணம்.

பெயர் சொல்ல வேண்டுமானால் வோர்ட்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2, பர்ரிஸ் ஃபுல்ஃபீல்ட், லியூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் ஆகிய மூன்றின் 3-9×40 மாதிரிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். நான் வாங்குவதாக இருந்தால் விஎக்ஸ்-ஃப்ரீடத்தை எடுப்பேன். எடை குறைவு, கண்ணை வைக்கும் இடத்தில் அது தரும் தளர்வும் தாராளம். வோர்ட்டெக்ஸ் நிறுவனத்தின் உத்தரவாதம் வாழ்நாளுக்கு உரியது, ரசீதும் கேட்பதில்லை என்பது முதல் ஸ்கோப் வாங்குபவருக்குப் பெரிய ஆறுதல். நல்ல நிலையில் பழைய லியூபோல்ட் வேரி-எக்ஸ் 2 கிடைத்தாலும் தயங்க வேண்டாம். எதை எடுத்தாலும் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே குறைந்தது மூன்றரை அங்குல இடைவெளி தருவதாக இருக்கட்டும். இல்லையேல் பின்னுதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். .22 ரைபிளுக்கென்று விற்கப்படும் ஸ்கோப்பைத் தவிர்த்துவிடுங்கள். கண் சற்று விலகினாலும் குறி நகராதபடி அது 50 அல்லது 60 யார்டுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். மான் ரைபிளின் ஸ்கோப் 100 அல்லது 150 யார்டுக்குச் சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும்.

இனி மவுண்ட். இலவசமாகக் கிடைக்கும் என்று நீங்கள் எழுதிய அந்தப் பகுதியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ரைபிளின் மேல் திருகப்படுவது பேஸ். பேஸைக் கவ்வி ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிப்பது ரிங். இந்த இரண்டில் ஒன்று மயிரிழை அசைந்தாலும், ஆயிரம் டொலர் ஸ்கோப்பும் பயனற்றது. நண்பர் ஒருவரின் ரைபிள் மாலைக்கு மாலை வெவ்வேறு இடத்தில் சுட்டது. ஸ்கோப் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கவே அவர் முடிவு செய்திருந்தார். ரிங்குகளைக் கழற்றிப் பார்த்தபோது முன்பக்க பேஸின் திருகு விரலாலேயே சுழன்றது. கடையில் பொருத்திக் கொடுத்தவர்கள் திருகுத் துளைகளில் இருந்த எண்ணெயைத் துடைக்காமலேயே முடுக்கியிருக்கிறார்கள். துடைத்து, மீண்டும் முடுக்கியபின் அதே ஸ்கோப் இன்றுவரை ஒழுங்காக இருக்கிறது.

ரெமிங்டன் 700 ரைபிளின் மேற்பகுதி முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் இருக்காது. பின்பகுதி சற்றுத் தாழ்ந்திருக்கும். அதனால் இரண்டு துண்டு பேஸ் வாங்கினால் முன்துண்டும் பின்துண்டும் வெவ்வேறு உயரத்தில் வரும். மாற்றிப் போட்டுவிடக் கூடாது. ஒரே துண்டான பிக்கட்டினி ரெயில் (குறுக்குப் பள்ளங்கள் கொண்ட நீண்ட பேஸ்) இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும். ஸ்கோப்பை முன்பின் நகர்த்தவும் இடம் தரும். ஆனால் தோட்டாவை மேலிருந்து நிரப்பும் வாயை அது ஓரளவு மறைக்கும் என்பதால், கையுறை போட்ட விரல்களுக்கு இடைஞ்சல். நவம்பர்க் குளிரை எண்ணி நான் இரண்டு துண்டு வீவர் வகை எஃகு பேஸையே பரிந்துரைப்பேன். உங்களுடைய .308 ரைபிளின் தோட்டா ஏற்றும் பகுதி நீளம் குறைந்தது, அதாவது குறுகிய ஆக்‌ஷன் என்பதால், வாங்கும்போது அதையும் சொல்லிக் கேளுங்கள்.

பழைய ரைபிள் என்பதால் மேலே ஏற்கெனவே ஒரு பேஸ் இருக்கக்கூடும். முன்ரிங்கைச் சுழற்றிப் பூட்டி, பின்ரிங்கை இருபக்கமும் பெரிய திருகுகளால் நெருக்கும் பழைய வகையாக அது இருந்தால், நல்ல நிலையில் இருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம். முன்ரிங்கைச் சுழற்ற மட்டும் ஸ்கோப்பையே நெம்புகோலாகப் பயன்படுத்தாதீர்கள்; குழாய் வளைந்துவிடும். அதே தடிமனில் ஒரு மர உருளையோ உலோகக் கம்பியோ போதும்.

ரிங்குக்கு என் தேர்வு பர்ரிஸ் சிக்னேச்சர் ஸீ. அதன் உள்ளே கோளவடிவப் பிளாஸ்டிக் வளையங்கள் உண்டு. பேஸுகள் நேர்க்கோட்டில் இல்லாவிட்டாலும் அவை தாமாகவே திரும்பி ஸ்கோப்பின் குழாயோடு பொருந்திக்கொள்ளும். ரெமிங்டன் 700 போன்ற பழைய ரைபிள்களில் திருகுத் துளைகள் சற்று விலகியிருப்பது அபூர்வமல்ல. அதற்காக ரிங்கைத் தேய்த்துச் சமன்செய்யும் வேலை மிச்சம், குழாயில் கீறலும் விழாது. மேலே சொன்ன மூன்று ஸ்கோப்புகளும் ஓர் அங்குலக் குழாய் உடையவை. 30 மில்லிமீட்டர் ரிங்கை எடுத்துவிடாதீர்கள். 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடிக்குத் தாழ்ந்த அல்லது நடுத்தர உயர ரிங் போதும். முன்கண்ணாடியின் கூட்டுக்கும் ரைபிளின் குழலுக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியும், போல்ட்டைத் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையை) தூக்கும்போது அதன் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்காமையும்தான் வேண்டியவை. ஸ்கோப் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு உறுதியாகக் கன்னம் ரைபிளின் கட்டையில் படியும்.

பொருத்துவதை நீங்களே செய்யலாம். ரைபிளில் தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். துளைகளையும் திருகுகளையும் ஆல்கஹாலால் துடைத்து, பேஸ் திருகுகளுக்கு மட்டும் ஒரு துளி நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) இடுங்கள். ரெமிங்டன் 700 ரைபிளில் எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ள திருகு மிகக் குட்டையாக இருக்க வேண்டும். நீளமானதைப் போட்டுவிட்டால் அது அடியில் முட்டி நின்று, இறுகியதுபோலக் காட்டிக்கொண்டே பேஸைத் தளர்வாக விட்டுவிடும். முடுக்கியபின் போல்ட்டை மூடித் திறந்து பாருங்கள். எங்காவது பிடித்தால் ஏதோ ஒரு திருகு நீளம். ரிங் திருகுகளைத் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு மட்டும், பெரும்பாலும் 15 முதல் 20 இஞ்ச்-பவுண்டுக்குள், முறுக்குவிசை காட்டும் கருவியால், மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்குங்கள். கைப்பலத்தை நம்பி முடுக்கினால் குழாய் நசுங்கும். அதற்குமுன் தடித்த குளிர்ச்சட்டையை அணிந்து, கண்ணை மூடி ரைபிளைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். வட்டம் முழுவதும் கறுப்பு விளிம்பின்றித் தெரியும்வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். குறுக்குக்கம்பி நேராக நிற்கிறதா என்று பார்க்க, சுவரில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டாலே போதும்.

கடைசியாக ஜீரோ. போல்ட்டைக் கழற்றிக் குழலின் வழியாக 25 யார்டு இலக்கைப் பார்த்து, ஸ்கோப்பையும் அதே புள்ளிக்குத் திருப்பிக்கொண்டு தொடங்கினால் தோட்டா வீணாகாது. டரட்டின் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. (ஓர் எம்.ஓ.ஏ. என்பது 100 யார்டில் ஏறக்குறைய ஓர் அங்குலம்) என்றால், குண்டு பட்ட இடத்தை ஓர் அங்குலம் நகர்த்த 100 யார்டில் 4 கிளிக் போதும். 25 யார்டில் 16 தேவை. பிறகு 100 யார்டில் மூன்று மூன்றாகச் சுட்டு, குழல் ஆறியபின் தொடருங்கள். 150 கிரெயின் எடையுள்ள குண்டு 100 யார்டில் இரண்டு அங்குலம் மேலே படுமாறு வைத்தால் 200 யார்டில் குறிக்கு நேராக விழும். வெள்ளைவால் மானின் உயிர்நிலைப் பகுதி ஏறக்குறைய 8 அங்குல அகலம் உடையது என்பதால், அதுவரை எந்தத் தூரத்திலும் நடுவைக் குறிவைத்தாலே போதுமானது. டரட்டைத் திருப்பவோ கணக்குப் போடவோ தேவையில்லை. வேட்டைக்கு எடுத்துச் செல்லும் அதே தோட்டாவால் இதைச் செய்யுங்கள்.

ஜீரோ முடிந்ததும் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து ரிங்கின் மேல்வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். வேட்டை முகாமுக்குக் கரடுமுரடான மரவெட்டுப் பாதையில் வண்டி குலுங்கிப் போய்ச் சேர்ந்தபின், அந்தக் கோடு உடைந்திருந்தால் திருகு அசைந்திருக்கிறது என்று பொருள்; காட்டுக்குள் இறங்கும் முன் மீண்டும் ஓர் இலக்கில் சுட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.