மேட்டுநில மூலிகைகளைச் சோதனைக்குழாயில் பார்ப்பது: கேள்வி பதில்

அரூர் மாணவி: சார், நெருஞ்சில் பொடியில் சப்போனின் (சோப்பு போல நுரைக்கும் சேர்மம்) நுரைச் சோதனை ஒருநாள் வருகிறது, மறுநாள் வருவதில்லை. ஏன்?

பதில்: ரசாயனத்துக்கு முன் செடியைப் பாருங்கள். சிறுநெருஞ்சில், யானை நெருஞ்சில் இரண்டையும் நெருஞ்சில் என்றே விற்பார்கள். சிறுநெருஞ்சில் காய் ஐந்து துண்டாகப் பிரியும். யானை நெருஞ்சில் காய்க்கு நான்கு விளிம்பு, விளிம்புக்கு ஒரு முள்; பச்சைக் கிளையைத் தண்ணீரில் கலக்கினால் வெண்கரு போலக் கொழகொழக்கும்.

செடி சரிதான் என்றால் அளவைச் சரிபாருங்கள். அரை கிராம் பொடி, 10 மி.லி. டிஸ்டில்டு வாட்டர். 5 நிமிடம் சூடாக்கி, வடிகட்டி, ஆறியதும் 15 நொடி குலுக்குங்கள். 15 நிமிடம் கழித்தும் 1 செ.மீ. நுரை நின்றால்தான் 'உண்டு' என எழுதலாம். குழாயில் சோப்பு ஒட்டியிருந்தாலும் நுரைக்கும். பக்கத்தில் வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்றையும் குலுக்கிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அதில் தீரும்.

பாலக்கோடு: போர் தண்ணியே போதுமாங்கண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. நம்ம பக்கத்து உப்புத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். டானினை (துவர்ப்புச் சேர்மம்) சோதிக்க ஃபெர்ரிக் குளோரைடு விட்டதும் துருநிறத்தில் கலங்கி, டானினின் கருநீலத்தையோ கரும்பச்சையையோ மறைத்துவிடும். குடிக்கிற கஷாயத்துக்கும் அந்தத் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள ஃபுளோரைடு கொதித்தாலும் ஆவியாகாது. நான்கு டம்ளரை ஒன்றாக வற்றவைத்தால் செறிவுதான் ஏறும். குடிநீரில் ஃபுளோரைடுக்கு அனுமதிக்கும் உச்ச அளவே லிட்டருக்கு 1.5 மி.கி.

ஊத்தங்கரை: ஆவாரம்பட்டையில் டானின் நன்றாக வந்தது. சர்க்கரை நோய்க்கு மருந்து என்று எழுதலாமா?

பதில்: கூடாது. அந்தப் பட்டையில் தோலே பதனிடுவார்கள், டானின் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நிறச் சோதனை காட்டுவது சேர்மத்தின் வகையை மட்டும். அளவும் சொல்லாது, நோயும் சொல்லாது. இன்னொன்று: டானின் மிகுந்த சாற்றில், ஆல்கலாய்டைக் (செடியில் உள்ள காரத்தன்மையுள்ள நைட்ரஜன் சேர்மம்) காட்டும் மேயர் கரைசல் விட்டால் ஆல்கலாய்டு இல்லாமலே வீழ்படிவு வரலாம். அதனால் சாற்றை அமிலத்தில் எடுத்து, வடித்து, அம்மோனியாவால் காரமாக்கி, குளோரோஃபார்மில் பிரித்து, மறுபடி நீர்த்த அமிலத்துக்கு மாற்றிச் சோதியுங்கள்.

தேன்கனிக்கோட்டை: சாக்ஸ்லெட்டா (சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சாறெடுக்கும் கருவி), ஊறவைப்பதா?

பதில்: சூடு தாங்காத பொருளைத் தேடினால் ஊறவையுங்கள்: 10 கிராம் நிழலில் உலர்த்திய பொடி, 100 மி.லி. 70 சதவீத எத்தனால், 48 மணி நேரம், இடையிடையே குலுக்கல். மாவாக அரைத்தால் வடிதாள் அடைக்கும், கொரகொரப்பே நல்லது.

பென்னாகரம்: எருக்கம்பால் எடுக்க எச்சரிக்கை ஏதும் உண்டா?

பதில்: கண்ணாடி, கையுறை கட்டாயம். பாலில் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் உண்டு. கண்ணில் பட்டால் கருவிழி வீங்கும். பட்டுவிட்டால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவி, நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.