ரிப்போர்ட்டை நம்பாதவர்கள்: கேள்வி பதில்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ வார்டில் செவிலியராக இருந்து, இப்போது நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் (திசுப் பரிசோதனையில்) வந்து மூன்று வாரம். ரிப்போர்ட்டை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, "வெறும் கொழுப்புக் கட்டி" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

அவருக்குப் புரிந்துதான் இருக்கிறது. கொழுப்புக் கட்டி ரிப்போர்ட்டை யாராவது புடவைக்கு அடியில் ஒளிப்பார்களா? "கேன்சர்தான், ஒத்துக்கொள்" என்று மல்லுக்கு நிற்காதீர்கள், எது பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். முடி கொட்டுவது, மார்பை எடுப்பது, மகளின் கல்யாணச் செலவு என்று நோயைத் தவிர மற்ற எல்லாம் வரும். முதல் சில நாள் நம்பாமல் இருப்பது சகஜம்தான், ஆனால் மூன்று வாரமாக டாக்டரிடமே போகவில்லை என்றால் இனியும் விடக்கூடாது. "எந்தக் கட்டியாக இருந்தால் என்ன, டாக்டர் பார்க்கட்டும்" என்று இந்த வாரமே கூட்டிப்போங்கள். அவர் நம்புவது பிறகு நடக்கட்டும்.

ரிப்போர்ட் மாறிப்போயிருக்கும் என்கிறார் கணவர்.

சரி, பார்த்துவிடுங்கள். பயாப்ஸியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அந்த பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி வேறு மருத்துவமனையில் காட்டலாம், பெரும்பாலும் மறுபடி ஊசி குத்தத் தேவையிருக்காது. ஒரு தடவை போதும். மூன்றாவது, நான்காவது இடம் என்று அலைந்தால் அது சந்தேகம் இல்லை, தள்ளிப்போடுவது.

அப்பாவிடம் சொல்லவே கூடாது என்கிறார் அண்ணன். கீமோவை "சத்து டிரிப்ஸ்" என்று சொல்லி ஏற்றுகிறோம்.

இங்கே ஏற்க முடியாமல் தவிப்பது உங்கள் அண்ணன். பக்கத்து நாற்காலிக்காரர் "உங்களுக்கு இது எத்தனையாவது கீமோ?" என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? எந்த அளவுக்குத் தெரிந்துகொள்ள விருப்பம் என்று டாக்டரே அப்பாவிடம் கேட்கட்டும். "பையனிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று அவரே சொன்னால் விட்டுவிடலாம், அது அவர் உரிமை.

பெரிய நோய் என்று தெரிந்தவருக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று வரிசையாகத்தான் வருமா?

இல்லை. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதியது அது, மரணத்தை நெருங்கியவர்களிடம் பேசிவிட்டு. காலையில் மாத்திரையை ஒழுங்காக விழுங்கிவிட்டு மாலையில் "எனக்கு ஒன்றுமில்லை" என்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

நான்தான் நோயாளி. கீமோவுக்குப் போகிறேன், ஆனால் இன்னும் நம்பவில்லை. தப்பா?

தப்பே இல்லை, போய்க்கொண்டே இருங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் "சாதாரண ஜுரம்" என்று வீட்டில் படுக்காதீர்கள். நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.