பழைய பேஸ்பால் கார்டு எல்லாமே அரிதானதா?

கேள்வி: அமெரிக்காவில் பழைய பேஸ்பால் கார்டுகள் (ஆட்டக்காரர் படம் அச்சிட்ட சின்ன அட்டைகள்) கோடிக்கணக்கில் விலை போகின்றனவே. பழசாக இருந்தாலே அரிதா? புதிதாகச் சேர்க்க நினைப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பழசு என்பதற்காக எந்தக் கார்டும் அரிதாகிவிடாது. இதை எனக்குப் புரியவைத்தது ஒரு ரப்பர் பேண்ட் தடம்.

நியூ ஜெர்சியில் குடியிருக்கிறோம். என் பையன் பேஸ்பால் ஆடப் போக ஆரம்பித்த சமயம், பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் சின்ன வயசு ஷூ பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். எல்லாம் டாப்ஸ் என்ற கம்பெனி 1952இல் வெளியிட்ட கார்டுகள். மேலே இருந்தது எண் 1, புரூக்ளின் டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர் ஆண்டி பாஃப்கோ. கார்டின் இரண்டு ஓரங்களிலும் நகத்தால் கீறியது போலப் பள்ளம். நான்கு முனைகளும் மழுங்கி, அட்டையின் நார் வெளியே தெரிந்தது. அந்தக் காலத்துப் பையன்கள் எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்களாம். மேலே இருக்கிற முதல் கார்டுதான் அத்தனை அடியையும் வாங்கும். பாஃப்கோ நல்ல ஆட்டக்காரர், ஆனால் மிக்கி மேண்டில் போன்ற பெரிய நட்சத்திரங்களின் வரிசையில் வைக்கிற பெயர் இல்லை. அப்படியிருந்தும் முனை கெடாத பாஃப்கோ கிடைத்தால் சேகரிப்பாளர்கள் பெரிய தொகை கொடுக்கிறார்கள். அச்சடித்தது குறைவு என்பதால் அல்ல, நல்லபடியாகத் தப்பியது குறைவு என்பதால்.

அதே 1952 டாப்ஸில் 311 முதல் 407 வரையிலான கார்டுகளின் கதை வேறு. சீசன் முடியும் நேரத்தில் கடைக்கு வந்தன. பிள்ளைகளின் கவனம் அதற்குள் அமெரிக்க ஃபுட்பால் பக்கம் போய்விட்டது. விற்காத பெட்டிகள் கிடங்கிலேயே கிடந்து, 1960இல் அட்லாண்டிக் கடலில் கொட்டப்பட்டன. அதை முன்நின்று செய்தவர் அந்த கார்டுகளை வடிவமைத்த சை பெர்கரே. 311தான் மேண்டில். அந்த வரிசையில் மற்ற பல கார்டுகளைவிட அது இரண்டு மடங்கு அச்சானது. ஆனாலும் கிட்டத்தட்ட புத்தம் புதிதாக இருந்த ஒரு பிரதி 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

எண்ணிக்கையிலேயே அரிது என்றால் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் கார்டு. 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த டி206 வரிசை அது. தன் படத்தைப் போட அவர் சம்மதிக்காததால் அச்சு பாதியில் நின்றது. அறுபது பிரதி அளவுக்குத்தான் இன்று தெரியவந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கதை நாப் லாஜுவே என்ற ஆட்டக்காரரின் கார்டுடையது. 1933இல் கௌடி கம்பெனி சூயிங்கம்மோடு கார்டு கொடுத்தது. எண் 106 மட்டும் எந்தப் பாக்கெட்டிலும் இல்லை! வரிசையை முடிக்கப் பிள்ளைகள் மேலும் மேலும் வாங்கினார்கள். விஷயம் புரிந்து கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் 1934இல் லாஜுவே படத்தோடு 106ஐ அச்சடித்துத் தபாலில் அனுப்பினார்கள். கடிதத்தோடு கிளிப் போட்டு அனுப்பியதால் பல கார்டுகளில் அந்த கிளிப் தடம் இன்றும் இருக்கிறது. யாரோ ஒரு பையன் விடாமல் கேட்டு வாங்கிய அடையாளம் அது. அந்தத் தடத்தைக் குறையென்று நினைக்க எனக்கு மனசு வராது.

இதற்கு நேர்மாறு 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்தவை. பின்னால் விலை ஏறும் என்று எல்லோரும் பெட்டி பெட்டியாக வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள், கம்பெனிகளும் அடித்துத் தள்ளின. இன்று முப்பது வருடத்துக்கும் மேல் பழசு, பெரும்பாலானவற்றுக்குக் காசு பெயராது. யாராவது "அப்பா காலத்துப் பெட்டி" என்று கொண்டுவந்தால் முதலில் வருடத்தைப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு லென்ஸும் ஒரு நல்ல ஸ்கேலும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சாமான் சந்தையில் டி206 என்று நம்பி 120 டாலர் கொடுத்து நான் ஏமாந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் அடியில் இருந்த பெயரின் எழுத்துகள் எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அசலில் அந்தப் பழுப்பு எழுத்து மை நிரம்பி முழுசாக இருக்கும். ஸ்கேல் எதற்கு என்றால், மழுங்கிய ஓரத்தை வெட்டிப் புதுசாக்குகிறவர்கள் உண்டு, அளந்தால் அளவு குறைவது தெரியும். மிகப் பிரபலமான வாக்னர் கார்டையே ஓரம் வெட்டியதாக அதை விற்ற பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

தொடங்குகிறவருக்கு நான் சொல்வது: பெரிய பெயர் வேண்டாம், மின்னுகிற முனையும் வேண்டாம். அதிகம் பேர் அறியாத ஆட்டக்காரரின் தேய்ந்த டி206 ஒன்று வாங்குங்கள். நான் வாங்கிய முதல் அசலுக்கு 80 டாலர்தான் ஆனது. விற்பவரிடம் உறையிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லி, பெயர் எழுத்தை லென்ஸில் பாருங்கள். எடுத்துக் காட்ட மறுத்தால் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள்.